யானைக்குப் போர்த்திய சடை
பி படங்களின் கதை – 9

சென்ற இதழை மொனோகிராம், பி.ஆர்.சி. என்ற சிறு படக் கம்பெனிகளோடு நிறுத்தியிருந்தோம். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் அமெரிக்கச் சிறு படங்களின் உலகத்துக்குள் ஒரு புது ஆள் நுழைகிறார். படம் எடுக்க வருமுன் பல ஆண்டுகள் படம் ஓட்டியவர் அவர். பெயர் ராபர்ட் லிப்பர்ட். தடிமனான சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் இவருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது. என் கணக்கில் அவருக்கு ஓர் அத்தியாயம் தகும். சேலத்துக்கும் அவருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பது அதற்கு ஒரு காரணம். அது பின்னால் வருகிறது.

லிப்பர்ட் 1909இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கொட்டகை வேலைக்கு வந்துவிட்டார். புரொஜெக்டர் ஓட்டினார், உதவி மேனேஜராக இருந்தார், மேனேஜர் ஆனார். 1930களின் பெருமந்தத்தில் ஜனங்கள் கையில் காசில்லை. டிக்கெட்டோடு ஒரு பீங்கான் தட்டு இலவசம் என்று அன்றைய அமெரிக்கக் கொட்டகைகள் ஆசை காட்டின. லிப்பர்ட்டும் அதை விடாமல் நடத்தினார். முழு செட் சேர வேண்டுமானால் குடும்பம் வாரா வாரம் வந்தாக வேண்டும். 1942 வாக்கில் சொந்தக் கொட்டகைகள் வந்தன. போர்க்காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் அவருடைய கொட்டகைகள் 24 மணி நேரமும் பழைய படங்களை ஓட்டின. கட்டணம் 25 சென்ட். ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் வந்தார்கள். விடுப்பில் வந்து, தங்க இடம் கிடைக்காத சிப்பாய்கள் நாற்காலியிலேயே படுத்துத் தூங்கினார்கள். சினிமாவின் ரசிகன் யார், அவன் எப்போது விழிக்கிறான், எந்தக் காட்சியில் சாய்ந்து உட்காருகிறான் என்பதையெல்லாம் கதவருகே நின்று பார்த்துப் பழகிய மனிதர் அவர்.

அந்த மனிதருக்கு ஒரு கோபம் இருந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் படத்துக்குக் கேட்ட வாடகை கட்டுப்படியாகவில்லை. 1945இல் 'ஸ்கிரீன் கில்ட்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதுவே பிறகு லிப்பர்ட் பிக்சர்ஸ் ஆனது.

இங்கே கொஞ்சம் நின்று வியாபாரக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். அன்றைக்கு அமெரிக்கக் கொட்டகைகளில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம். முதல் படம் பெரிய படம். அதற்கு வசூலில் சதவீதம் போகும். இரண்டாவதுதான் பி படம். அதற்கு ஃபிக்ஸட் ஹயர், அதாவது முன்பே பேசி முடித்த தொகை மட்டும். கூட்டம் அலைமோதினாலும் இரண்டாவது படத்தை எடுத்தவருக்கு ஒரு சென்ட் கூடுதலாக வராது, காலி நாற்காலிக்கு ஓட்டினாலும் குறையாது. வருமானம் படம் தொடங்குமுன்பே தெரிந்துவிடுகிறது. லாபம் வேண்டுமானால் செலவைக் குறைப்பது ஒன்றுதான் வழி. பத்து நாள் படப்பிடிப்பு, ஒரே குகை செட், வேறு படத்திலிருந்து வாங்கி ஒட்டிய காட்சி, எழுபது நிமிட நீளம் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பி படங்களின் மேல் ஒரு மரியாதை வரும். அந்தச் சிறைக்குள் கை கால் கட்டுண்டு நின்றவர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்ற மரியாதை.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஸ்டுடியோக்கள் கொட்டகைகளைக் கைவிட வேண்டியதாயிற்று. கூடவே தொலைக்காட்சியும் வந்தது. பெரிய கம்பெனிகள் இரண்டாம் படங்களைக் குறைத்துக்கொள்ள, கொட்டகைகளோ இரண்டாம் படம் கேட்டுக்கொண்டே இருந்தன. லிப்பர்ட் அந்த இடைவெளியில் புகுந்தார். புது ஆட்களுக்குக் கதவு திறந்தார். சாமுவேல் ஃபுல்லர் முதன்முதலில் இயக்குநர் ஆனது அவரிடம்தான், 1949இல். கொரியப் போரைப் பற்றி ஃபுல்லர் 1951இல் தந்த 'தி ஸ்டீல் ஹெல்மெட்' பத்தே நாளில் எடுத்த படம். அதைப் பற்றிப் பேச இந்தத் தொடரில் இடமில்லை. நம் வழி விண்வெளிக்குப் போகிறது.

1950இன் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் எல்லோரும் பேசிய படம் ஜார்ஜ் பால் தயாரித்துவந்த 'டெஸ்டினேஷன் மூன்'. டெக்னிகலர் படம். ராபர்ட் ஹைன்லைன் திரைக்கதையில் பங்கு கொண்டார். நிலவின் தரையைச் செஸ்லி போன்ஸ்டெல் தீட்டிக் கொடுத்தார். செலவு ஐந்து லட்சம் டாலருக்கு மேல். விளம்பரம் மாதக்கணக்கில் நடந்தது. அந்த விளம்பரம் கிளப்பிய ஆவலை முதலில் அறுவடை செய்வது யார் என்று லிப்பர்ட் யோசித்தார். இயக்குநர் கர்ட் நியூமனிடம் ஏற்கெனவே ஒரு விண்வெளிக் கதை இருந்தது. பதினெட்டு நாளில், ஒரு லட்சம் டாலரைத் தொடாத செலவில், 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' தயாராகி, பாலின் படத்துக்குச் சில வாரங்கள் முன்னால் திரைக்கு வந்துவிட்டது.

இதைக் குறுக்குவழி என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. படத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. நிலவுக்குப் புறப்படும் கப்பல் வழி தவறிச் செவ்வாய்க்குப் போய்விடுகிறது. நிலவு ஜார்ஜ் பாலுக்குச் சொந்தமாகிவிட்டதால் இந்த ஏற்பாடு. செவ்வாயை எங்கே தேடுவது? கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் செவ்வாய்க் காட்சிகளுக்கு மட்டும் பிரிண்ட்டில் செந்நிறச் சாயம் ஏற்றினார்கள். திடீரென்று திரை சிவக்கிற அந்த இடம் இன்றைக்கும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. ஒளிப்பதிவு கார்ல் ஸ்ட்ரஸ். முர்னாவின் 'சன்ரைஸ்' படத்துக்காக முதல் ஆஸ்கர் விழாவிலேயே பரிசு வாங்கியவர். இசை ஃபெர்டே குரோஃபே. 'கிராண்ட் கேன்யன்' இசைத்தொகுப்பைத் தந்த அதே குரோஃபே. தொடாமலே வாசிக்கும் தெரமின் கருவியை அவர் விண்வெளிக்குள் கொண்டுவந்தார். பிறகு ஒரு தலைமுறைக்கு அந்த ஊளைதான் வேற்றுக் கிரகத்தின் குரல்.

கதையின் துணிச்சல் இன்னும் பெரிது. செவ்வாயில் அவர்கள் காண்பது அணுப்போரில் அழிந்துபோன ஒரு நாகரிகம். மிஞ்சியவர்கள் பார்வை போய்க் காட்டுமிராண்டிகளாகி, கல்லெறிகிறார்கள். தப்பித்துத் திரும்புகிற கப்பலில் எரிபொருள் தீர்கிறது. ஐந்து பேரில் ஒருவர் கூட உயிரோடு தரையிறங்கவில்லை. டால்டன் டிரம்போ, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததால் ஹாலிவுட் ஒதுக்கிவைத்த அந்த எழுத்தாளர், பெயர் போடாமல் இந்தத் திரைக்கதையில் கை வைத்தார் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்து ஓராண்டு கூட ஆகாத சமயம் அது. பெரிய படமான 'டெஸ்டினேஷன் மூன்' நிலவில் இறங்கிப் பத்திரமாகப் புறப்பட்டு, சிறப்புக் காட்சிகளுக்கு ஆஸ்கரும் வாங்கியது. அதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். என் மனம் போய் நிற்பது என்னவோ செவ்வாயின் செந்நிறத்தில்தான். லட்சக்கணக்கில் பணம் போட்டவர் ரசிகனைக் கலங்க வைத்து அனுப்பத் தயங்குவார். லிப்பர்ட்டுக்கு வாடகை முன்பே பேசியாகிவிட்டது, அவர் நியூமனைத் தடுக்கவில்லை.

மறு ஆண்டு 'லாஸ்ட் கான்டினென்ட்' வந்தது. சீசர் ரொமேரோ தலைமையில் ஒரு கூட்டம், காணாமல்போன ராக்கெட்டைத் தேடி ஒரு மலையில் ஏறுகிறது. ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. உச்சியில் டைனோசர்கள். அங்கே திரைக்குப் பச்சைச் சாயம். மலையேற்றத்தின் நீளத்தைக் கேலி செய்யாத விமர்சகர் இல்லை. செட்டில் கட்டிய பாறைகள் இருந்தன, பொம்மை டைனோசரை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த நேரமும் காசும் இல்லை. உச்சியில் இருப்பதைச் சில நிமிடங்களே காட்ட முடியும் என்றால், அதற்கு முன்னால் ரசிகனை மூச்சு வாங்க வைத்தே கொண்டுபோக வேண்டும். நான் அந்த ஏற்றத்தை விரும்பிப் பார்ப்பவன். மேலே என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் கடைசிவரை சுமக்க வைக்கிறது அது.

இனி சேலம்.

1952இல் லிப்பர்ட் பிக்சர்ஸ் அமெரிக்காவில் வெளியிட்ட 'தி ஜங்கிள்' படத்தை எடுத்துக் கொடுத்தது டி.ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதே படம் தமிழில் 'காடு' என்று வந்தது. சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, 1935இல் ஏற்காடு மலையடிவாரத்தில் ஸ்டுடியோ கட்டியவர். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938) அவருடைய தயாரிப்பு. ஸ்டுடியோவை ஒரு மில் மாதிரி நேரம் தவறாமல் நடத்தியவர். படத்தைக் குறித்த நாளில், குறித்த செலவில் முடிக்கிற ஒழுங்குக்குத் தென்னிந்தியா முழுவதும் பேர் போனவர். லிப்பர்ட்டும் அவரும் ஒரே ஜாதி வியாபாரிகள் என்று தோன்றுகிறது. 'மந்திரி குமாரி'யை (1950) மாடர்ன் தியேட்டர்ஸுக்காக இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனும் இந்தத் தயாரிப்பில் கைகோத்தார். தமிழ் பேசத் தெரியாமலே பதினைந்து ஆண்டு தமிழ்ப் படம் எடுத்த அமெரிக்கர் அவர். இரண்டு பக்கமும் தெரிந்த பாலம்.

இயக்குநர் வில்லியம் பெர்க். கொலம்பியாவுக்கு முதல் 'ஜங்கிள் ஜிம்' (1948) படத்தை எடுத்தவர். கலிஃபோர்னியாவின் தோட்டங்களையே காடாகக் காட்டிப் பழகியவர் இப்போது நிஜக் காட்டுக்கு வந்தார். காமிராவின் பின்னால் கிளைடு டி வின்னா. 1920களின் இறுதியில் பசிபிக் தீவுகளில் எடுத்த படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். 'டிரேடர் ஹார்ன்' படத்துக்காக ஆப்பிரிக்கா போனவர். நடிகர்கள் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர். விண்ட்சர் அதே ஆண்டில் 'தி நேரோ மார்ஜின்' படத்தில் நடித்து, பி படங்களின் ராணி என்று பெயர் எடுத்தவர். இங்கே அவர் இளவரசி மாரி. ரொமேரோவை உலகம் பின்னாளில் தொலைக்காட்சி 'பேட்மேன்' தொடரின் ஜோக்கராக நினைவில் வைத்துக்கொண்டது. அவர் இங்கே ராமா சிங். இவர்களுக்கு நடுவே மகாஜி என்ற பாத்திரத்தில் நம் எம்.என். நம்பியார். 'திகம்பர சாமியா'ரில் வேடத்துக்கு மேல் வேடம் கட்டி மாடர்ன் தியேட்டர்ஸின் செல்லப்பிள்ளையாக இருந்தவர், ஹாலிவுட் ஆட்களோடு ஒரே திரையில் நிற்கிறார்.

கதை இதுதான். யானைக் கூட்டங்கள் வெறிபிடித்து ஓடி ஊர்களை மிதிக்கின்றன. என்ன காரணம் என்று தெரியவில்லை. அமெரிக்க வேட்டைக்காரன் ஒருவன் சொல்கிறான்: அழிந்துபோனதாக நினைத்த மாமத் யானைகள் உள்காட்டில் உயிரோடு இருக்கின்றன, அவற்றுக்குப் பயந்துதான் மற்றவை ஓடுகின்றன. யாரும் நம்பவில்லை. முன்பு அவனோடு போனவர்கள் திரும்பவில்லை என்பதால் சந்தேகம் வேறு. எல்லோரும் சேர்ந்து காட்டுக்குள் புறப்படுகிறார்கள். படத்தின் பெரும்பகுதி நடை. கடைசியில் மாமத்கள்.

அந்த மாமத்கள் நிஜ யானைகள். உடம்பு முழுக்கச் சடைசடையாக மயிர்ப் போர்வை, அவ்வளவுதான். பார்த்தவுடன் தெரிகிறது. தெரிந்தும் என்ன? அமெரிக்காவில் பெரும்பாலும் பொம்மையை அசைத்தோ, பல்லிக்கு முதுகில் செதில் ஒட்டியோதான் இப்படிப்பட்ட மிருகங்களை உண்டாக்கினார்கள். லிப்பர்ட்டே 1955இல் 'கிங் டைனோசர்' என்ற பெயரில் ஓர் இகுவானாப் பல்லியைத் திரையில் விட்டார். சேலத்துப் படத்திலோ எடை இருக்கிறது. கால் பதிகிற இடத்தில் மண் நெரிகிறது. அது உயிருள்ள ஒன்று நடக்கிற நடை. எந்தப் பொம்மைக்கும் அந்தக் கனம் வராது.

வேடத் தேர்வும் பிசகானதல்ல. மாமத்துக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானை இல்லை, நம் ஆசிய யானைதான் என்று மரபணு ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. அந்த வேடத்தைக் கட்ட இதைவிடத் தகுந்த பிராணி உலகத்திலேயே கிடையாது. சடை மாமத் தென்னிந்தியாவில் எந்தக் காலத்திலும் வாழ்ந்ததில்லை என்பதும் உண்மை. சைபீரியாவுக்கு வடக்கே ராங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை அது தாக்குப்பிடித்தது. எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதான். யானைக்கு மனிதரைப் போல வேர்க்காது. பெரும்பாலும் காது விசிறித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தப் போர்வைக்குள் நின்ற யானைகளின் பாடு பாகன்களுக்குத்தான் தெரிந்திருக்கும். படத்தின் பெயர்ப் பட்டியலில் யானைகளுக்கும் பாகன்களுக்கும் முதலிடம் கொடுத்திருக்கலாம்.

அந்த யோசனை அதோடு முடிந்துவிடவும் இல்லை. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' பாலைவனத்தில் நடக்கிற சடைபிடித்த 'பாந்தா' என்ன? மார்ஜி என்ற யானைக்கு மயிரும் கொம்பும் கட்டி நடக்கவிட்டார்கள். 1981இல் ஆதிமனிதரைப் பற்றிய 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' படத்து மாமத்கள்? அவையும் வேடமிட்ட யானைகள். பெரும் பொருட்செலவில் எடுத்தவர்களும் கடைசியில் வந்து நின்ற வழி, கால் நூற்றாண்டுக்கு முன் சேலத்துக் கம்பெனி செய்துகாட்டிய வழி. 'தி ஜங்கி'ளைப் பார்த்துத்தான் அவர்கள் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் செய்தவர்களின் வரிசையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பெயரும் இருக்க வேண்டும் என்கிறேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம், அதற்கு நான்கு ஆண்டு முன்னால் அதே கம்பெனி அமெரிக்கத் திரைகளுக்கு மாமத் அனுப்பியதைப் பேசுவதே இல்லை.

'தி ஜங்கி'ளின் நடைக் காட்சிகளுக்கு வருகிறேன். இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டார் எல்லோரும் அதைத்தான் குறை சொல்கிறார்கள். நடப்பது மலிவு, அதனால் நடக்கவிட்டார்கள் என்பது சரியே. ஆனால் டி வின்னாவின் காமிரா சும்மா நடக்கவில்லை. சுதந்திரம் வந்து ஐந்தே ஆண்டான ஒரு நாட்டின் மரங்கள், யானைகள், நாட்டியம், கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிற பெயர் தெரியாத முகங்கள் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வந்து விழுந்திருக்கின்றன. பொய்க் கதைக்கு நடுவே நிஜம் இப்படித் தங்கிப்போவது பி படங்களுக்கே கிடைத்த பேறு. செட் போடப் பணம் இருந்திருந்தால் செட்டைத்தான் பார்த்திருப்போம்.

லிப்பர்ட் சேலத்தோடு மட்டும் ஒப்பந்தம் போடவில்லை. 1951இல் இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனியோடு கைகோத்தார். நடிக்க ஓர் அமெரிக்க முகத்தை அவர் அனுப்புவார், அமெரிக்கா முழுக்கக் கொட்டகை பிடித்துத் தருவார். ஹாமர் தேம்ஸ் நதிக்கரை ஸ்டுடியோவில் சிக்கனமாகப் படம் எடுத்துத் தர வேண்டும். துப்பறியும் கதைகள்தான் பெரும்பாலும் வந்தன. இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர் தொழில் பழகியது அவற்றில்தான். அந்த ஏற்பாட்டின் வாலில் 1955இல் 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' வந்து விழுந்தது. நைஜல் நீல் பி.பி.சி.க்கு எழுதிய தொடரின் திரைவடிவம். விண்வெளியிலிருந்து திரும்பிய ஒருவனின் உடம்புக்குள் வேறொன்று வளர்கிறது. குவாட்டர்மாஸாக நடித்த பிரையன் டான்லெவி லிப்பர்ட் வழியில் வந்த அமெரிக்க முகம். படம் பெரிய வெற்றி. திகிலில்தான் நம் பிழைப்பு என்று ஹாமருக்குப் புரிந்தது. இரண்டே ஆண்டில் ஃபிஷர் இயக்கத்தில் 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்', அதற்கடுத்த ஆண்டு கிறிஸ்டோபர் லீயின் டிராகுலா. ஹாமரின் சரித்திரம் எழுதுகிறவர்கள் முதல் பக்கத்தில் லிப்பர்ட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவருக்கே அமெரிக்காவில் அப்போது சிக்கல். தன் படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றார், நடிகர்களுக்குப் பங்கு தரவில்லை என்று நடிகர் சங்கம் அவரைத் தள்ளிவைத்தது. சங்கத்தின் பக்கம் நியாயம் இருந்தது. சிக்கனம் ஒரு கட்டத்தில் அடுத்தவர் கூலியில் கை வைக்கும் என்பதற்கு லிப்பர்ட்டும் சாட்சி. 1956இல் ஃபாக்ஸ் கம்பெனிக்காக 'ரீகல் ஃபிலிம்ஸ்' என்ற பெயரில் மறைவாக இயங்கினார். படத்துக்கு ஒரு லட்சம் டாலர், ஒரு வாரம், கறுப்பு வெள்ளை அகலத்திரை. ஆற்றலை உறிஞ்சும் ராட்சச இயந்திரம் கடலிலிருந்து நடந்து வருகிற 'க்ரோனோஸ்' (1957) அந்தப் பட்டறைச் சரக்கு. இயக்கம் மறுபடி கர்ட் நியூமன்.

1958இல் இருவரும் சேர்ந்து கொடுத்த 'தி ஃபிளை' வண்ணத்தில், பெரிய பட்ஜெட்டில் வந்தது. ஈயின் தலை கொண்ட விஞ்ஞானி. லிப்பர்ட்டின் பெயரைத் திரையில் போட முடியவில்லை. நியூமனுக்கு அதைவிடக் கொடுமை. எட்டு ஆண்டு முன் ரசிகர்களைச் செவ்வாய்க்கு அழைத்துப்போன அந்த மனிதர், தன் வாழ்நாளின் ஆகப் பெரிய வெற்றி கொட்டகைகளில் ஓடத் தொடங்கிய சில வாரங்களுக்குள் இறந்துபோனார்.

லிப்பர்ட் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி. ரிச்சர்ட் மாத்திசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலைப் படமாக்க ஹாமர் ஆசைப்பட்டுத் திரைக்கதையும் எழுதி வாங்கியிருந்தது. பிரிட்டிஷ் தணிக்கையார் அனுமதி தர மாட்டோம் என்றார்கள். ஹாமர் அதை லிப்பர்ட்டிடம் தள்ளிவிட்டது. அவர் இத்தாலிக்குக் கொண்டுபோய், ரோம் நகரத்தின் வெறிச்சோடிய புறநகர்த் தெருக்களில் வின்சென்ட் பிரைஸை நடக்கவிட்டு, 1964இல் 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' என்று வெளியிட்டார். திரைக்கதை பிடிக்காமல் மாத்திசன் தன் பெயருக்குப் பதில் லோகன் ஸ்வான்சன் என்று போட்டுக்கொண்டார். செத்தவர்கள் இரவில் எழுந்து வந்து, மெல்ல மெல்லத் தள்ளாடி, ஒற்றை ஆள் இருக்கும் வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். ஜன்னலுக்குப் பலகை அறைந்துவிட்டு அவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்த ஜார்ஜ் ரொமேரோ என்ற இளைஞரும் மாத்திசனின் நாவலில் ஊறியவர். 1968இல் நண்பர்களோடு காசு சேர்த்து, ஒரு பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்து அவர் எடுத்த படமும், தலைப்பை மாற்றும்போது காப்புரிமை வரியைப் போட மறந்ததால் அது உலகத்துக்கே பொதுச் சொத்தாகிப்போன கதையும் அடுத்த இதழில்.